விலை இறங்கினாலும் நன்றியா?

கேள்வி: ஏலக்காய் விலை சரியும்போதும் கடவுளுக்கு நன்றி சொல்ல முடியுமா? (வாசகர், வண்டன்மேடு)

பதில்: முடியும். விலைக்காக அல்ல!

2019 ஆகஸ்டில் புற்றடி ஏலத்தில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்ட காய், சில ஆண்டுகளில் 1,000-க்கும் கீழே வந்தது. நன்றியை விலைப்பலகையில் கட்டி வைத்திருந்தால் அதுவும் கூடவே உருண்டிருக்கும். வயல் பொய்த்து, தொழுவம் காலியானாலும் கர்த்தரில் மகிழ்வதாகச் சொன்னவர் ஆபகூக் தீர்க்கதரிசி. உதவி அனுப்பிய பிலிப்பியருக்குப் பவுல் நன்றி எழுதியது சிறையிலிருந்து. இருவருமே நஷ்டத்தை லாபம் என்று எழுதவில்லை. வலியை மறைக்கவும் இல்லை.

நன்றிக்குச் சந்தை விலை அளவுகோல் அல்ல; தேவாலயத்தின் அறுப்பின் பண்டிகையைப் பாருங்கள். காணிக்கையாக வந்த பூசணிக்காய், அங்கே நடக்கும் ஏலத்தில் சந்தை விலையைத் தாண்டிப் போவதுண்டு!

நன்றி சொல்வதை எங்கே தொடங்குவது? கம்பத்திலிருந்து விடியுமுன் ஜீப்பில் மலையேறி வந்து காய் எடுக்கும் பெண்களிடம். கூலியைப் பாக்கி வைக்காமல்.