அந்தப் பக்கம் போன அஞ்சு

வாய்யா மருமகனே, உக்காரு. தொண்டை கட்டிப்போச்சா? கட்டாம என்ன செய்யும்? நேத்து ராத்திரி நீ மகனுக்கு இயற்கணிதம் சொல்லிக் குடுத்ததுல நம்ம தெருவே எட்டாங்கிளாஸ் பாஸாயிருச்சு. மேலவீட்டுக் கிழவிகூட காலையில "பிளஸ்ஸு அந்தப் பக்கம் போனா மைனஸு"ன்னு முனகிக்கிட்டே வாசல் தெளிக்கிறா. உம்மவனுக்கு மட்டுந்தான் வரலை.

தப்பு உம்மேல இல்லப்பா. நீ பி.இ. படிச்சவன். தனக்குத் தெரிஞ்சது ஊர்ல எல்லாருக்கும் பொறந்தப்பவே தெரியும்னு படிச்சவங்களுக்கு ஒரு நெனப்பு.

பயலோட நோட்டைப் பாத்தியா? நான் பாத்தேன். 3எக்ஸ் + 5 = 20. எக்ஸ் 5-ன்னு சரியாத்தான் போட்டிருக்கான். அப்புறம் சரிபாக்குறேன்னு எக்ஸ் இருந்த எடத்துல 5-ஐத் தூக்கி வச்சான். 3எக்ஸ் 35 ஆயிருச்சு! 35-ம் 5-ம் 40. இருபது வரலையேன்னு மூக்கை உறிஞ்சிக்கிட்டே, சரியான விடையை ரப்பர் போட்டு அழிச்சிருக்கான். 3-க்கும் எக்ஸுக்கும் நடுவுல பெருக்கல் குறி ஒளிஞ்சிருக்குன்னு அவனுக்கு யாருய்யா சொன்னா? "இதுகூடத் தெரியாதா"ன்னு நீ சொன்னது மட்டும் எனக்கு இங்க வரைக்கும் கேட்டுச்சு.

இன்னைக்குக் காலையில அவனைக் கூப்பிட்டு ஒன்னு எழுதிக் காட்டுனேன். 8 + 4 = ஒரு கட்டம், கூட்டல் 5. கட்டத்துல என்ன வரும்? யோசிக்கவே இல்ல, 12-ன்னான். சிரிக்காத. ஒன்னாங்கிளாஸ்ல இருந்து சமக்குறியைக் கண்டா விடையை எழுதுன்னுதானே பழக்கி வச்சிருக்கோம்? ரெண்டு பக்கமும் ஒரே மதிப்புன்னு சொல்ற குறின்னு எவன் சொன்னான்? 1557-ல ராபர்ட் ரெக்கார்டுன்னு ஒரு வேல்ஸ்காரர், வைத்தியர், "சமம், சமம்"னு திரும்பத் திரும்ப எழுத அலுத்துப்போயி, ஒரே நீளத்துக்கு ரெண்டு கோடு இழுத்து விட்டாரு. என்ன முழிக்கிற? லைப்ரரிய உனக்கு மட்டுமா தெறந்து வச்சிருக்கு?

அப்புறம் நான் கத்துக்குடுத்தது பெருவிரல் வித்தை. 3எக்ஸ விரலால மூடு. மூடுன எடத்துல எது இருந்தா, 5 சேந்து 20 ஆகும்? "பதினஞ்சு தாத்தா." விரலை எடு. எதோட மூணு மடங்கு 15? "அஞ்சு." பேனாவையே தொடலை பய. அவன் மூஞ்சிய நீ பாத்திருக்கணும்.

அதுக்குப் பெறகுதான் நீ போட்டியே, அந்தப் பக்கம் இந்தப் பக்கம், அதெல்லாம். 5 எங்கயும் போகலைய்யா. காய்க்காரி தராசுல தட்டு ரெண்டும் நேரா நிக்கும்போது ஒன்னுல அரைக்கிலோவ எடுத்தா மத்ததுலயும் எடுக்கணும்ல, அம்புட்டுத்தான். ரெண்டு பக்கமும் 5-ஐக் கழி; 3எக்ஸ் = 15. ரெண்டு பக்கத்தையும் 3-ஆல வகு. என்ன செஞ்சோம்னு ஒவ்வொரு வரிக்கும் ஓரத்துல எழுதச் சொல்லு. நோட்டு தீந்துருமேன்னு கவலைப்படாத, நான் வாங்கித் தர்றேன். உன் வழியில விட்டா 4எக்ஸ் = 20-க்கு, 4-ஐ அந்தப் பக்கம் தள்ளி மைனஸைப் போட்டு 16-ன்னு நிப்பான். நேத்து அடுத்த கணக்குல அப்படித்தான் நின்னான், நீ பாக்கலை.

கடைசியா ஒரு புறாக் கணக்கு போட்டேன். கூட்டமாப் பறந்துபோன புறாக்களைப் பாத்து ஒத்தைப் புறா "நூறு பேரா போறீங்க?"ன்னு கேட்டுச்சாம். "இல்ல. நாங்க இத்தனை பேரு, இன்னும் இத்தனை பேரு, எங்கள்ல பாதி, பாதியில பாதி, அதோட நீயும் சேந்தா நூறு"ன்னு பதில் வந்துச்சாம். எக்ஸைக் கூப்பிடாத, குத்துமதிப்பா ஒன்னைச் சொல்லுன்னேன். பாதியில பாதி முழுசா வரணும்னு பய 4-ன்னான், கெட்டிக்காரன். 4-ம் 4-ம் 2-ம் 1-ம் 11. ஒத்தைப் புறாவை நீக்கினா நமக்கு வேண்டியது 99, அதாவது பதினொன்னோட ஒம்பது மடங்கு. அப்ப 4-ம் ஒம்பது மடங்காகட்டும்: 36! எகிப்துல 3500 வருசத்துக்கு முந்தி பாப்பிரஸ்ல எழுதி வச்ச கணக்கையும் இப்படித்தான், வேணும்னே ஒரு தப்பு விடையை வச்சுக்கிட்டு சரியான விடையைப் புடிச்சிருக்காங்க. தப்பு விடைக்கு அங்க அம்புட்டு மரியாதை. உன் வீட்டுல அதுக்கு முதுகுல அடி.

ராத்திரி பய இந்தக் கணக்கை உங்கிட்ட கேப்பான். நாந்தான் கேக்கச் சொல்லியிருக்கேன். 36-ன்னு சட்டுன்னு சொல்லித் தொலைக்காத. எக்ஸைப் போடு, பின்னத்துல மாட்டிக்கிட்டு முழி, ஒரு எடத்துல தப்பு விடு, அவன் திருத்தட்டும். திருத்தும்போது "இதுகூடத் தெரியாதாப்பா"ன்னு கேட்டான்னா, அது மட்டும் நான் சொல்லிக் குடுத்தது இல்லப்பா.