பழைய ஈரூடக ஊர்தி கொளல்: ஓர் அளவை ஆராய்ச்சி

நூலுக்குப் பாயிரம் வேண்டும் என்பது நன்னூலார் விதி. ஆக்கியோன் யார், எல்லை எது, கேட்போர் யார், பயன் என்ன என்று முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். சொல்லிவிடுகிறேன். ஆக்கியோன்: ஸ்காபரோவில் கடனுக்கு ஒரு வீடும், கடன் தீர்ந்த ஒரு காரும் உடையவன். எல்லை: தெற்கே ஒன்ராறியோ வாவி, வடக்கே லிண்ட்சேயைத் தாண்டி ஒரு பண்ணையின் பின்வளவு. கேட்போர்: மனைவி கேட்க மறுத்துவிட்டதால், நீங்கள். நுதலிய பொருள்: அந்தப் பின்வளவில் கிடக்கும், நிலத்திலும் நீரிலும் ஓடும் என்று சொல்லப்படும் ஆறு சில்லு வண்டியை 1,800 டாலர் கொடுத்து வாங்கித் திருத்தலாமா என்பது. பயன் கடைசியில் தெரியும்.

முதற் சிக்கல் பெயர். தவளையை ஈரூடகவாழி என்று யாழ்ப்பாணத்துப் பள்ளிக்கூடத்தில் படித்தவன் நான். ஆகவே இது ஈரூடக ஊர்தி. எழுத்துகளில் இதற்கு ஒரே உறவு ஆய்தம். உயிரோடும் சேராது, மெய்யோடும் சேராது, தனியே நிற்கும். (எங்கள் வீட்டு முற்றத்திலும் அப்படித்தான் நிற்கும் என்பது மனைவியின் உரை.) சேற்றில் புறப்பட்டு நீரில் இறங்குவதால் பொருளிலக்கணப்படி இதைத் திணை மயக்கத்தில் அடக்கலாம். வாங்க நினைப்பவனுக்கு வந்திருப்பது வேறு மயக்கம்.

இனி வரலாறு. 1805இல் ஃபிலடெல்ஃபியாவில் ஒலிவர் எவன்ஸ் என்பவர் துறைமுகத்துச் சேற்றை அள்ளும் நீராவிப் படகு ஒன்றுக்குச் சில்லு பூட்டி, ஒரக்டர் ஆம்ஃபிபோலோஸ் என்று பெயரும் சூட்டினார். பெயரைச் சொல்லி முடிப்பதற்குள் வண்டி கரையேறிவிடும். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கப் படையின் ‘டக்’ லொறிகள் கடலிலிருந்து நேரே கரையேறின. 1960களில் ஆம்ஃபிகார் என்னும் ஜெர்மன் கார் வந்தது. அமெரிக்க ஜனாதிபதி லிண்டன் ஜோன்சனிடம் ஒன்று இருந்தது. டெக்சாஸ் பண்ணைக்கு வரும் விருந்தாளிகளை ஏற்றிக்கொண்டு, பிரேக் பிடிக்கவில்லை என்று கத்தியபடி காரை ஏரிக்குள் விடுவது அவருடைய பொழுதுபோக்கு. பழையது வாங்கியவன் அப்படிக் கத்தினால் அது உண்மையாகவே இருக்கும்.

நம் ஆய்வுக்குரிய ஆறு சில்லுக் கிளைக்கு வேர் கனடாதான். 1960களில் இங்கே ஜிகர் வந்தது. 1967இல் கிச்சனருக்குப் பக்கத்து நியூ ஹாம்பர்க் ஊரின் ஒன்ராறியோ டிரைவ் அண்ட் கியர் நிறுவனத்திலிருந்து ஆர்கோ வந்தது. அது இன்றும் வருகிறது. எல்லைக்கு அப்பால் பஃபலோவில் மேக்ஸ், ஒஹாயோவில் ஆட்டெக்ஸ். ஆம்ஃபிகேட் என்னும் இன்னொன்று 1968இல் ‘பனானா ஸ்பிளிட்ஸ்’ என்ற சிறுவர் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் மிருக வேடமிட்ட பாட்டுக்காரர்களை ஏற்றிக்கொண்டு சுற்றியது. 1970இல் ஹொண்டாவின் மூன்று சில்லு வண்டி வந்த பிறகு, தண்ணீருக்குள் இறங்கத் தேவையில்லாத சனம் அந்தப் பக்கம் சாய்ந்தது. ஆறு சில்லுக் கம்பனிகள் பல மூடப்பட்டன. வாங்குபவன் இதிலிருந்து அறிய வேண்டியது ஒன்றுதான்: பின்வளவில் கிடப்பது எந்தக் கம்பனியின் பிள்ளை என்று தெரியாமல் உதிரிப்பாகம் தேட முடியாது. நான் பார்த்த வண்டியில் பெயர்த்தகடு இருந்த இடத்தில் நான்கு ஆணித் துளைகள் மட்டும் இருந்தன.

இயங்கும் விதம் எளிது. பிளாஸ்டிக் தொட்டி ஒன்று. எஞ்சினும் அதற்குள், ஆளும் அதற்குள். தொட்டியின் இரு பக்கமும் துளைத்து அச்சுகள் வெளியே வரும், அவற்றைச் செயின்கள் சுழற்றும். சில்லுகள் இடம் வலமாகத் திரும்பா. இடப்பக்கச் சில்லுகளைத் தடுத்தால் வலப்பக்கம் ஓடி, வண்டி இடப்பக்கம் திரும்பும். உள்மாட்டை இழுத்துப்பிடித்து மாட்டுவண்டியைத் திருப்பும் அதே நுட்பம். டயரில் காற்று இரண்டு மூன்று பவுண்டுதான். சேற்றில் எருமை குளம்பை விரித்து வைப்பதுபோல டயர் பரந்து மிதிக்கும். தண்ணீரில் துடுப்பும் அந்த டயரின் பட்டைகளே. வேகம் மனிதன் நடக்கும் வேகம், காற்று எதிர்த்தால் அதுவும் இல்லை.

இனி அளவை. அறியும் வழிகளைப் பலவாகச் சொன்னாலும் காண்டல், கருதல், உரை என்ற மூன்றே போதுமென்பர் சைவ சித்தாந்திகள். மூன்றையும் எடுத்துக்கொண்டு, கார் திருத்தும் அண்ணை ஒருவரையும் ஏற்றிக்கொண்டு லிண்ட்சே போனேன்.

முதலில் உரை. விற்பவர் எழுபது வயது தாண்டிய விவசாயி. தண்ணீரில் இரண்டே தடவைதான் இறக்கியதாகச் சொன்னார். பொய் சொல்லும் முகம் இல்லை.

அடுத்து கருதல். கயிற்றை மூன்றாம் தரம் இழுத்ததும் எஞ்சின் பற்றிக்கொண்டது. தருக்க நூலார் மலையில் கண்ட புகையை நான் சைலன்சரில் கண்டேன். புகை உண்டு, ஆகவே நெருப்பு உண்டு. இரண்டு ஸ்ட்ரோக் எஞ்சின் பெட்றோலோடு எண்ணெயையும் சேர்த்து எரிப்பது, புகைப்பது அதன் இயல்பு. மனம் குளிர்ந்து 1,800ஐ எண்ணத் தொடங்கியபோது அண்ணை தோளில் தட்டினார்.

“தம்பி, எஞ்சினை விடும். அது எங்கையும் வாங்கலாம். சில்லைப் பிடிச்சு ஆட்டிப் பாரும்.”

காண்டல் இங்கே தொடங்குகிறது. ஒவ்வொரு சில்லாகத் தூக்கி மேலும் கீழும் ஆட்டினோம். நான்கு, பால்பல்லைப் போல ஆடின. ஐந்தாவது கொஞ்சம். ஆறாவது அசையவேயில்லை. இதாவது நல்லதாக இருக்கிறதே என்றேன்.

“அது ஆடாது. துருவிலை இறுகிப்போய்க் கிடக்கு.”

தரையில் குந்தியிருந்து கணக்குப் பார்த்தேன். சில்லுக்கு ஓர் அச்சு. அச்சுக்கு உள்ளே ஒரு பேரிங், வெளியே ஒரு பேரிங். ஆக ஆறு சில்லுக்குப் பன்னிரண்டு. ஒன்று இருபது டாலர் என்று வைத்தாலும் பேரிங் மட்டும் 240. அச்சுத் துளையில் தண்ணீர் புகாமல் காக்கும் சீல், செயின், பற்சில்லு எல்லாம் வேறு கணக்கு. பேரிங் கழன்று வரவேண்டுமே என்ற கவலை தனிக் கணக்கு. அது துருவில் அச்சோடு ஒட்டிக்கொண்டால் அச்சையும் சேர்த்து வெட்ட வேண்டும்.

இரண்டே தடவை தண்ணீரில் இறங்கிய வண்டிக்கு இவ்வளவு துரு எங்கிருந்து வந்தது? இருக்கையைத் தூக்கினோம். உள்ளே அரைச்சாண் தண்ணீர். செயின் ஒன்று அறுந்து அதற்குள் பாம்புபோலக் கிடந்தது. வாவியின் நீரல்ல அது, வானத்தின் நீர். மூடாமல் வெளியே விட்ட வண்டியில் மழை பெய்தது, பனி கொட்டி உருகியது. வெளியே இருந்து வரும் தண்ணீரைத் தடுக்கக் கட்டிய தொட்டி, உள்ளே விழுந்த தண்ணீரையும் அதே விசுவாசத்தோடு காத்து வைத்திருந்தது. அடியில் வடிகால் மூடி ஒன்று உண்டு. ஒதுக்கி நிறுத்தும்போது அதைக் கழற்றி வைத்திருந்தால் போதும். விவசாயி பொய் சொல்லவில்லை. அவர் வண்டியைத் தண்ணீருக்குள் இறக்கியது இரண்டு தடவை, தண்ணீர் வண்டிக்குள் இறங்கியது பல வருடம்.

மூடியைத் திருகினோம். கபில நிறத் தண்ணீர் ஒரு சிகரெட் முடியும் நேரம் ஓடியது. கடைசியில் ஒரு தவளை வெளியே வந்து, எங்களைப் பார்த்துவிட்டுப் புல்லுக்குள் போனது. வண்டி ஈரூடகத்துக்குரியது என்பதற்கு நேர்காட்சிச் சான்று அது ஒன்றே.

தொட்டியின் முன்மூலையில் ஒரு வெடிப்பு, என் சுட்டுவிரல் நீளம். ஏபிஎஸ் பிளாஸ்டிக் என்றால் கரைப்பானோ பசையோ பிடிக்கும். பொலித்தீன் என்றால் சாதாரணப் பசை ஒட்டாது, அதே சாதிக் கம்பியை உருக்கிச் சூட்டால் இணைக்க வேண்டும். விவசாயியோ அதன்மேல் வெள்ளி நிற ஒட்டுநாடாவை மூன்று சுற்றுப் போட்டிருந்தார். ஓரங்கள் சருகுபோலச் சுருண்டிருந்தன.

வீட்டுக்கு வந்து ஆய்வுப் பெறுபேறுகளை மனைவியிடம் சமர்ப்பித்தேன். அவர் எழுப்பிய மறுப்பு ஒன்றுதான்.

“பனி கொட்டுற நாளிலை காரை வெளியிலை விட்டிட்டு, உந்தத் தொட்டியைக் கராஜுக்கை வைக்கப் போறியளோ?”

அந்த வண்டியை வெளியே விட்டால் என்ன ஆகும் என்று அன்று காலைதான் காண்டல் அளவையால் நிறுவியிருந்தேன். ஆகவே பதில் சொல்லவில்லை.

முடிவு: பன்னிரண்டு பேரிங், ஒரு வெடிப்பு, ஓர் அறுந்த செயின், பெயர் தெரியாத கம்பனி ஆகியவற்றைக் கருதி, இவ்வண்டியை 1,800 டாலருக்கு வாங்கக் கூடாது. விவசாயி 900க்கு இறங்கியிருக்கிறார்.

வருகிற சனிக்கிழமை காலை லிண்ட்சே போய்வர, ஐந்தடிக்குக் குறையாத அகலமுள்ள ட்ரெய்லர் ஒன்று தேவை. வைத்திருக்கும் வாசகர் அறியத் தரவும். பெட்றோல் காசும் மத்தியானச் சாப்பாடும் என்னுடையது.