வக்கீல் குமாஸ்தா வேலை

கேள்வி: பி.காம். முடித்த என் மகன் வக்கீல் குமாஸ்தாவாகச் சேரப் போகிறேன் என்கிறான். அனுப்பலாமா?
– ஒரு வாசகி, மதுரை

பதில்: தாராளமாக அனுப்புங்கள் அம்மா. கோர்ட்டில் வாதாடுவது வக்கீல்; வழக்கை உயிரோடு வைத்திருப்பது குமாஸ்தாவின் டைரி. சிவில் தீர்ப்பை எதிர்த்து மாவட்ட நீதிமன்றத்தில் அப்பீல் போட 30 நாள், ஹைகோர்ட்டில் போட 90 நாள். தீர்ப்பு நகல் கிடைக்க ஆகும் நாட்களைச் சட்டம் கழித்துக்கொடுக்கும். ஆனால் நகல் மனுவையே தாமதமாகப் போட்டால், அந்தத் தாமதத்தைக் கழிக்காது. கணக்குப் பிசகினால் கட்சிக்காரரின் வீடே கைமாறலாம். பி.காம். படித்த பையனுக்கு ஏற்ற வேலைதான். இங்கே பற்று வரவு ரூபாயில் இல்லை, நாட்களில். இ-ஃபைலிங்கையும் கற்றுக்கொள்ளட்டும். சம்பளத்தை மட்டும் முதல் நாளே பேசி முடிக்கச் சொல்லுங்கள். அதற்கு வாய்தா கொடுக்கக் கூடாது.