செனட்டரும் பாடும் மீனும்

அமெரிக்காவில் யாராவது புதிதாக ஒரு பெட்டியைக் கண்டுபிடித்தால் முதலில் ஜனங்கள் அதை வாங்குவார்கள். அடுத்த வாரமே பாட்டு விற்கிறவர்களும் படம் விற்கிறவர்களும் வாஷிங்டனுக்கு டிக்கெட் எடுப்பார்கள். பிறகு, அந்தப் பெட்டியைத் தொட்டே பார்த்திராத ஒரு பெரியவர் எழுந்து, "இதற்குச் சட்டப்படி ஒரு பூட்டுப் போட்டாக வேண்டும்" என்று மசோதா கொண்டுவருவார். நூறு வருடத்துக்கு மேலாக நடக்கிற கூத்து இது. வேஷம் கட்டுகிறவர்கள் மாறுவார்கள். ஒப்பாரிக்கு மட்டும் ஒரே ராகம்.

முதல் ஒப்பாரியை 1906-இல் வைத்தவர் ஜான் ஃபிலிப் சூசா, அணிவகுப்பு இசையின் முடிசூடா மன்னர். அப்போது வீடுகளுக்குத் தானியங்கிப் பியானோ வந்திருந்தது. துளை போட்ட காகிதச் சுருளை மாட்டி மிதித்தால் போதும், விரல் படாமலே வாசிக்கும். சூசா காங்கிரஸ் குழுவின் முன் போய் நின்று, இந்த இயந்திரங்களை இப்படியே விட்டால் மனிதனுக்குக் குரல்வளையே இல்லாமல் போய்விடும், குரங்காக இருந்தபோது இருந்த வால் போனது போல இதுவும் போகும் என்று எச்சரித்தார். இன்றைய கல்யாண மண்டபம் எதற்குள்ளாவது நுழைந்து பார்த்தால், குரல்வளை சேதமில்லாமல் இருப்பது தெரியவரும்.

ஆனால் அவருடைய கோபத்தில் நியாயம் இருந்தது. சுருள் விற்றவன் சம்பாதித்தான். மெட்டுப் போட்டவருக்குக் காலணா வரவில்லை. 1908-இல் உச்ச நீதிமன்றம் வேறு, காகிதத்தில் இருக்கும் துளைகளை மனிதன் படிக்க முடியாது, ஆகவே அது பிரதியே கிடையாது என்று கைகழுவிவிட்டது. மறு வருடம் காங்கிரஸ் அபூர்வமாக ஒரு புத்திசாலித்தனம் செய்தது. பியானோவைத் தொடாமல் விட்டுவிட்டு, சுருளுக்கு இரண்டு சென்ட் இசையமைப்பாளருக்குக் கொடுத்துவிட்டு எத்தனை வேண்டுமானாலும் அடித்துக்கொள் என்றது. கூலி வந்தது, ஒப்பாரி ஓய்ந்தது. இந்தப் பாடத்தை அடுத்த தலைமுறைகள் மிகுந்த கவனத்தோடு மறந்தன.

1975-இல் சோனி பீட்டாமேக்ஸைக் கொண்டுவந்தது. டிவியில் வருவதைப் பதிந்து வைத்து, சௌகரியப்பட்ட நேரத்தில் பார்க்கலாம். மறு வருடமே யுனிவர்சலும் டிஸ்னியும் வழக்குப் போட்டன. 1982-இல் ஹாலிவுட்டின் வாஷிங்டன் பிரதிநிதியான ஜாக் வேலன்ட்டி காங்கிரஸ் குழுவின் முன் வந்தார். இவர் முன்பு ஜனாதிபதி லிண்டன் ஜான்சனின் உதவியாளர்; ஜான்சன் ஆட்சியில் இருப்பதால்தான் ராத்திரி நிம்மதியாகத் தூங்குகிறேன் என்று மேடையிலேயே சொல்லி ஊர் சிரிக்க வைத்தவர். அப்படிப்பட்டவர் வீடியோ ரெக்கார்டரைப் பற்றி அடக்கிப் பேசுவாரா? வீட்டில் தனியாக இருக்கும் பெண்ணுக்கு, கழுத்தை நெரிக்கும் பாஸ்டன் கொலைகாரன் எப்படியோ, அமெரிக்க சினிமாவுக்கு இந்தப் பெட்டி அப்படி என்றார்.

1984 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் கொலைகாரனை விடுதலை செய்தது. குழந்தைகள் நிகழ்ச்சி நடத்திய ஃப்ரெட் ராஜர்ஸ், என் நிகழ்ச்சியைத் தாராளமாகப் பதிந்து பார்த்துக்கொள்ளட்டும் என்று சொன்ன சாட்சியம் தீர்ப்பிலேயே இடம்பெற்றது. சில வருடங்களுக்குள் வீடியோ வருமானம் தியேட்டர் வசூலைத் தாண்டியது. கழுத்தில் விழுவதாக இருந்த கை, மாதாமாதம் செக் நீட்டியது. அதை வாங்கிப் போட்டுக்கொள்ள யாரும் கூச்சப்பட்டதாகத் தகவல் இல்லை.

அடுத்து வந்தது டிஜிட்டல் ஒலி நாடா. இந்த முறை இசைக் கம்பெனிகள் நீதிமன்றத்தை நம்பாமல் நேரே பூட்டோடு வந்தன. செய்தது சி.பி.எஸ். இசைத்தட்டில் 3,840 ஹெர்ட்ஸ் பக்கத்தில் ஒரு மெல்லிய கீற்றை வெட்டி எடுத்துவிடுவார்கள். ரெக்கார்டருக்குள் இருக்கும் சில்லு அந்த ஓட்டையைக் கண்டதும் பதிவை நிறுத்திவிடும். எல்லா ரெக்கார்டரிலும் இந்தச் சில்லு கட்டாயம் என்று 1987-இல் மசோதாவும் வந்தது. இசை கெடாதா என்று கேட்டவர்களுக்கு ஒரு சமாதானம் வைத்திருந்தார்கள்: அந்த இடம் பியானோவின் வலது கோடியில் இரண்டு கட்டைகளுக்கு நடுவில் விழுகிறது, யார் கவனிக்கப்போகிறார்கள்? வயலினுக்குக் கட்டையே கிடையாது என்பதை அவர்களுக்கு யாரும் எடுத்துச் சொல்லவில்லை போலிருக்கிறது.

காங்கிரஸ் இந்தப் பூட்டைத் தேசிய தரநிர்ணய ஆய்வகத்துக்கு அனுப்பியது. 1988 மார்ச்சில் முடிவு வந்தது. சங்கீதம் கெடுகிறதா? கெடுகிறது. பூட்டு ஒழுங்காக வேலை செய்கிறதா? எப்போதும் இல்லை. உடைக்க முடியுமா? சுலபமாக. மூன்று கேள்விக்கும் தப்பான பதிலைத் தந்த அந்தச் சில்லு அத்தோடு ஒழிந்தது. இதற்கிடையில் இன்னொரு வேடிக்கை. பெட்டி செய்கிற சோனி, பூட்டுச் செய்த சி.பி.எஸ்ஸின் இசைப் பிரிவை 200 கோடி டாலருக்கு வாங்கிவிட்டது. நேற்றுவரை திருடனுக்குத் தாய் என்று திட்டு வாங்கிய கம்பெனி, ஒரே கையெழுத்தில் திருட்டுக் கொடுத்தவராகவும் ஆனது.

பிறகு 1992-இல் ஒரு சமரசச் சட்டம் வந்தது. பிரதி எடுக்கலாம், பிரதியிலிருந்து பிரதி எடுக்க முடியாதபடி கருவி தடுக்க வேண்டும். கருவிக்கு 2 சதவீதம், நாடாவுக்கு 3 சதவீதம் தண்டல். விலையும் ஏறிப்போயிருந்த ஒலி நாடாவை வீட்டுக்காரர்கள் யாரும் சீண்டவில்லை, ஸ்டுடியோக்களோடு சரி. அதே சட்டத்தில் கம்ப்யூட்டருக்கு மட்டும் விலக்கு இருந்தது. 1998-இல் ரியோ என்று 32 மெகாபைட் கொண்ட ஒரு கையடக்க எம்.பி.3 பெட்டி வந்தபோது, இசைக் கம்பெனிகள் அந்தச் சட்டத்தைத் தூக்கிக்கொண்டு ஓடின. ரியோ பாட்டை எடுப்பது கம்ப்யூட்டரிலிருந்து, கம்ப்யூட்டர் உங்கள் சட்டத்துக்குள் வராது, போய் வாருங்கள் என்று 1999-இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஐபாடுக்கு வழி திறந்தது இப்படித்தான்.

இங்கேதான் நம் கதாநாயகர் வருகிறார். தென் கரோலினா செனட்டர் எர்னஸ்ட் ஹாலிங்ஸ், எல்லோருக்கும் ஃப்ரிட்ஸ். 1966-இலிருந்து செனட்டில் இருந்தவர். 2002-இல் வயது 80. ஆனாலும் அந்த மாநிலத்தின் இளைய செனட்டர் அவர்தான், ஏனென்றால் மூத்த செனட்டர் ஸ்ட்ராம் தர்மண்டுக்கு வயது 99. இப்படிப்பட்ட வாலிபரிடம்தான் டிஜிட்டல் யுகத்தின் எதிர்காலம் ஒப்படைக்கப்பட்டது. டிஸ்னி மேல் அவருக்கு இருந்த பாசத்தைப் பார்த்து, எதிரிகள் அவரை டிஸ்னி தொகுதி செனட்டர் என்றே அழைத்தார்கள்.

2002 பிப்ரவரி 28 அன்று அவருடைய கமிட்டியில் விசாரணை. டிஸ்னியின் மைக்கேல் ஐஸ்னர் வந்தார். கம்ப்யூட்டர் கம்பெனிகள் திருட்டைத் தூண்டித்தான் பிழைக்கின்றன என்று பொருமினார். பாட்டைக் கம்ப்யூட்டரில் ஏற்றிக் கலந்து தட்டில் எரித்துக்கொள்ளச் சொன்ன ஆப்பிள் விளம்பரத்தை ஆதாரமாகக் காட்டினார். அந்த ஆப்பிளை நடத்திய ஸ்டீவ் ஜாப்ஸ்தான் பிக்ஸாரையும் நடத்தினார் என்பதும், பிக்ஸார் படங்களை விற்றுக் காசு பார்த்தது டிஸ்னி என்பதும் அவருக்கு அன்று ஞாபகம் வரவில்லை. இன்டெலின் லெஸ்லி வாதாஸ் எதிர்த் தரப்பில் உட்கார்ந்து, இது கம்ப்யூட்டரையே முடமாக்கும் என்று வாதாடினார்.

மார்ச் 21 அன்று மசோதா வந்தது. முந்தைய வருட வரைவுக்குப் பாதுகாப்பு என்று பெயர். இப்போது, நுகர்வோர் பிராட்பேண்ட், டிஜிட்டல் டிவி வளர்ச்சிச் சட்டம். தர்க்கம் இப்படிப் போகிறது: ஜனங்கள் வேகமான இணைய இணைப்பு வாங்கவில்லை, ஏனென்றால் அதில் சினிமா இல்லை. சினிமா இல்லை, ஏனென்றால் பூட்டு இல்லை. ஆகவே எல்லாப் பெட்டியிலும் பூட்டுப் போட்டால் ஊரெங்கும் இணையம் பெருகும். பூட்டு எது என்று இரு தொழில்களும் ஒரு வருடத்துக்குள் பேசி முடிக்க வேண்டும்; முடியாவிட்டால் எஃப்.சி.சி. என்னும் தொலைத்தொடர்பு ஆணையம் முடிவெடுக்கும். பூட்டில்லாத பெட்டியை விற்பது குற்றம்.

எந்தப் பெட்டி என்பதில்தான் விவகாரம். 1992-இல் கம்ப்யூட்டரை விட்டுவிட்டு ஏமாந்ததால், இந்தத் தடவை ஒன்றையும் விடக் கூடாது என்று எழுதியிருந்தார்கள். காப்புரிமையுள்ள டிஜிட்டல் படைப்பைப் பிரதி எடுக்கும், அல்லது காதில் விழுகிற, கண்ணில் படுகிற வடிவத்துக்கு மாற்றும், அல்லது எடுத்து இன்னொன்றுக்குக் கொடுக்கும் எந்தக் கருவியும், எந்த மென்பொருளும் இதற்குள் வரும். கம்ப்யூட்டர் காலை முதல் மாலை வரை செய்வது இதைத்தான். ஒரு கோப்பைத் திறந்தாலே அது வட்டிலிருந்து நினைவகத்துக்கு ஒரு பிரதி எடுத்தாக வேண்டும். பிரதி எடுக்காத கம்ப்யூட்டர் வேண்டும் என்றால் அதை அணைத்துத்தான் வைக்க வேண்டும்.

பிரின்ஸ்டன் பேராசிரியர் எட் ஃபெல்டனுக்கு இந்த இலக்கணம் அல்வாவாகக் கிடைத்தது. அவர் ஏற்கெனவே சூடு பட்டவர். இசைத்துறையின் இன்னொரு பூட்டை, முடிந்தால் உடைத்துப் பார் என்று அவர்களே சவால் விட, அவருடைய குழு உடைத்துக் காட்டியது. அந்தக் கட்டுரையை வெளியிட்டால் வழக்கு வரும் என்று 2001-இல் மிரட்டல் கடிதம் வந்தது. இப்போது அவர் கோபப்படாமல் சட்டத்தை வரிக்கு வரி படித்து, ஃப்ரிட்ஸின் வேட்டைப் பட்டியல் என்று ஒன்று ஆரம்பித்தார். மசோதா நிறைவேறினால் பூட்டுப் போட்டாக வேண்டிய பொருள்கள் ஒவ்வொன்றாக வந்தன. அதில் ஒருவர் சுவரில் மாட்டும் பிளாஸ்டிக் மீன். பக்கத்தில் போனால் தலையைத் திருப்பி, வாலை ஆட்டிப் பாடும். பாட்டுக்குக் காப்புரிமை உண்டு. சில்லில் டிஜிட்டலாக இருக்கிறது. காதில் விழுகிற வடிவத்துக்கு மாறுகிறது. ஆகவே மீனும் ஒரு டிஜிட்டல் ஊடகக் கருவி, மத்திய அரசு அங்கீகரித்த பூட்டில்லாமல் அது வாயைத் திறக்கக் கூடாது. இதே கணக்கில் பாட்டுப் பாடும் பிறந்தநாள் வாழ்த்து அட்டையையும், தாத்தாவின் டிஜிட்டல் காதுக் கருவியையும்கூட உள்ளே தள்ளலாம்.

ஒரு மசோதாவை ஆவேசமாக எதிர்த்தால் இரண்டு பக்கமும் பேச ஆள் இருக்கும். அதைச் சத்தமாக வாசித்தால் ஆதரிக்க ஆள் இருக்காது. நீதித்துறைக் கமிட்டித் தலைவர் பேட்ரிக் லேஹியும் ஒத்துக்கொள்ளவில்லை. மசோதா ஓட்டெடுப்பைக் காணாமலே செத்தது. இதில் தர்மம் ஜெயித்தது என்று யாரும் நெகிழ வேண்டாம். கம்ப்யூட்டர் கம்பெனிகளின் பணப்பை சினிமாக்காரர்களுடையதைவிடப் பெரிது. மீன் நாலு பேரைச் சிரிக்க வைத்தது, பணப்பை மிச்சத்தைப் பார்த்துக்கொண்டது.

அந்த மே மாதமே, ஐரோப்பாவில் விற்ற சோனியின் பூட்டுப் போட்ட இசைத்தட்டுகளைச் சாதாரண மார்க்கர் பேனா தோற்கடித்தது. தட்டின் வெளி விளிம்பில் கம்ப்யூட்டரைக் குழப்புவதற்காகவே போலித் தகவல் வைத்திருந்தார்கள். விளிம்பைச் சுற்றி மை பூசினால் குழப்பம் தீர்ந்தது. ஹாலிங்ஸ் மசோதா ஜெயித்திருந்தால் இப்படிப்பட்ட ஒன்றுதான் நாடு தழுவிய பூட்டாகியிருக்கும். மார்க்கர் பேனாவுக்கும் தனிச் சட்டம் கொண்டுவந்திருப்பார்கள்.

சினிமாக்காரர்கள் அசரவில்லை. செனட் தராததை 2003 நவம்பரில் எஃப்.சி.சி. தந்தது. டிஜிட்டல் ஒளிபரப்பில் கொடி என்று ஒரு குறியீட்டைச் சேர்ப்பார்கள். கொடியைக் கண்டால் டிவியும் ரெக்கார்டரும் கட்டுப்பட வேண்டும். 2005 ஜூலை 1 முதல் அமல். இதை எதிர்த்து வழக்குப் போட்டவர்களில் முதல் பெயர் அமெரிக்க நூலகச் சங்கம். சத்தம் போடாதே என்று ஊருக்குச் சொல்கிறவர்கள் போட்ட சத்தம்தான் நீதிமன்றத்தில் எடுபட்டது. விசாரணையில் நீதிபதி ஹாரி எட்வர்ட்ஸ், அடுத்தது என்ன, வாஷிங் மெஷினா என்று ஆணையத்தைக் கேட்டார். ஒளிபரப்பு வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகு பெட்டி என்ன செய்கிறது என்பது உங்கள் அதிகாரத்தில் இல்லை என்று, அமலுக்கு வருமுன்பே, 2005 மே 6-இல் தீர்ப்பு வந்தது.

உடனே கொடியைச் சட்டமாகவே கேட்டார்கள், கூடவே ரேடியோவுக்கும் ஒன்று. 2006 ஜனவரியில் விசாரணை. கமிட்டித் தலைவர் டெட் ஸ்டீவன்ஸ், ஹாலிங்ஸ் மசோதாவில் கூடக் கையெழுத்துப் போட்டவர். ஆனால் இடையில் ஒரு விபரீதம் நடந்திருந்தது: மகள் அவருக்கு ஐபாட் வாங்கிக் கொடுத்துவிட்டாள். இப்போது பெரியவர், என் ஐபாடில் என்னவெல்லாம் செய்ய முடியாமல் போகும் என்று விசாரிக்க ஆரம்பித்தார். கோஷ்டி கோஷ்டியாகத் தரகர்கள் போய்ச் செய்ய முடியாததை பெற்ற பெண் செய்து முடித்தாள்.

கடைசியில் 2009 ஜனவரியில் ஆப்பிளின் கடையில் பாட்டுகளின் பூட்டு கழற்றப்பட்டது. கழற்றச் சம்மதித்தவை அதே இசைக் கம்பெனிகள். பூட்டில்லாத பாட்டு நன்றாக விற்கிறது என்று அவர்களுக்கே புரிந்துவிட்டது. கம்பெனி போட்ட பூட்டில் இந்த ஒரு சௌகரியம் உண்டு. லாபம் இல்லையென்றால் கம்பெனியே கழற்றிவிடும்.

சட்டம் போட்ட பூட்டு அப்படி இல்லை. ஒரே ஒரு தடவை ஹாலிவுட் முழுசாக ஜெயித்தது. 1998-இன் காப்புரிமைச் சட்டத்துக்குள் ஒரு துணைப் பிரிவு இருக்கிறது. வி.எச்.எஸ். ரெக்கார்டர் எதுவானாலும் வாடகைக் கேசட்டைப் பிரதி எடுத்தால் படம் மங்கிப் பளிச்சிட்டுக் கெடும்படி ஒரு குறிப்பிட்ட தொழில்நுட்பத்துக்குக் கட்டுப்பட்டே ஆக வேண்டும் என்கிறது. உலகில் கடைசியாக வீடியோ ரெக்கார்டர் செய்துகொண்டிருந்த ஜப்பானின் ஃபுனாய் 2016 ஜூலையில் உற்பத்தியை நிறுத்தியது. பிரிவு இன்னும் புத்தகத்தில் இருக்கிறது. யாராவது இன்று ஆசைப்பட்டுப் புதிதாக ஒரு வி.எச்.எஸ். ரெக்கார்டர் செய்து அமெரிக்காவில் விற்கப் பார்த்தால், வாங்க ஆள் வருகிறதோ இல்லையோ, மேற்படி பிரிவு தவறாமல் வந்து நிற்கும்.