ஒரு நூல் கூடுதல்

"பெரியம்மா, உங்களுக்குத் தைக்கத் தெரியும்ல?"

மதுரையில் வாசலறையில் மெஷினைப் போட்டுக்கொண்டு 35 வருஷம் ரவிக்கை தைத்தவளிடம் கேட்கிற கேள்வியா இது? ஆனாலும் நான் கோபித்துக்கொள்ளவில்லை. இந்தக் கேள்வியோடு வருகிறவர்கள் கையில் ஒரு பை இருக்கும், பைக்குள் பாதியில் நிற்கிற ஒரு வேலை இருக்கும், அந்த வேலைக்கு ஒரு தேதி இருக்கும், அந்தத் தேதி அடுத்த வாரத்தில் இருக்கும் என்பது எனக்கு அனுபவம். தீபாவளிக்கு முந்தின வாரம் வந்த பைகளை அடுக்கினால் மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்துக்குப் போட்டியாக நிற்கும்.

தங்கை மகள் சென்னையிலிருந்து கொண்டுவந்த பை கொஞ்சம் பெரிது. கூடப் படித்த தோழிக்குக் குழந்தை பிறந்திருக்கிறதாம். கடையில் வாங்கிய பரிசு எல்லாரும் கொடுப்பார்கள். இவள் தன் கையாலேயே ஒரு ஒட்டுப் போர்வை தைத்துக் கொடுப்பதென்று முடிவு செய்திருக்கிறாள். அதாவது 'க்வில்ட்'. முன்பின் ஊசி பிடித்ததில்லை. சட்டைப் பொத்தான் அறுந்தால் சட்டையை மாற்றுகிற தலைமுறை. பேர் வைக்கும் விழா அடுத்த ஞாயிற்றுக்கிழமை. இன்றைக்கு வெள்ளி. கையில் 9 நாள்.

பையைக் கூடத்தில் கொட்டினாள். பீட்சா வெட்டுகிற சக்கரம் மாதிரி ஒரு கத்தி. கட்டம் போட்ட பச்சை ரப்பர் பலகை. கண்ணாடி மாதிரி ஒரு அளவுகோல். பாலியெஸ்டர் பஞ்சு ஒரு சுருள். கருவிகளைப் பார்த்தால் பெரிய ஆபரேஷன் நடக்கப்போகிற மாதிரிதான் இருந்தது. கடைசியாக நோயாளி வெளியே வந்தது: இரண்டரை இஞ்ச் சதுரமாக வெட்டிய துணித் துண்டுகள், ஒரு குவியல்.

"மொத்தம் 432 துண்டு பெரியம்மா. தைச்சா ஒவ்வொண்ணும் ரெண்டு இஞ்ச் வரும். அகலத்துக்கு 18, நீளத்துக்கு 24."

"தைச்சது எத்தனை?"

"அறுபத்தொண்ணு."

"எத்தனை நாளா?"

"ரெண்டு மாசமா."

சாய்வு நாற்காலியில் இருந்த என் வீட்டுக்காரர் பேப்பரை மடித்தார். பொதுப்பணித் துறையில் ஓவர்சியராக இருந்து ரிட்டயர் ஆனவர். எஸ்டிமேட் வாசனை வந்துவிட்டால் அவரால் சும்மா இருக்க முடியாது. "ஒரு நாளைக்கு ஒரு துண்டு. பாக்கி 371. கவலைப்படாதேம்மா, குழந்தையோட முதல் பொறந்தநாளுக்கு ஒரு வாரம் முன்னப்பின்ன கொடுத்துடலாம்."

அவள் கண் கலங்கியது. நான் அவரைப் பார்த்தேன். அவர் பேப்பரை விரித்தார்.

க்வில்ட் என்பதில் மந்திரம் ஒன்றும் இல்லை. போளி மாதிரிதான். மேலே ஒட்டுப் போட்ட துணி, கீழே ஒரு துணி, நடுவில் பூரணமாகப் பஞ்சு. மூன்றையும் சேர்த்து ஊடாகத் தையல் ஓட்டினால் முடிந்தது. சிக்கல் எங்கே என்றால், இரண்டு துண்டு சேருகிற இடத்தில் விடுகிற ஓரத்தில். அது கால் இஞ்ச் இருக்க வேண்டும், எல்லா இடத்திலும் ஒரே கால் இஞ்ச்சாக இருக்க வேண்டும். இவள் தைத்திருந்த மூன்று முழு வரிசைகளையும் தரையில் விரித்தேன். 36 இஞ்ச் வர வேண்டியது, எங்கோ மெலிந்துபோய்க் கிடந்தது.

வீட்டுக்காரர் டேப்போடு வந்துவிட்டார். கூடவே மூலைமட்டமும். "34-க்கு ஒரு நூல் கம்மி," என்றார்.

தச்சரும் கொத்தனாரும் இஞ்ச்சை எட்டு நூலாகப் பிரிப்பார்கள். கால் இஞ்ச் என்றால் இரண்டு நூல். இவள் பக்கத்துக்கு அரை நூல் கூடுதலாகப் பிடித்திருக்கிறாள். அரை நூல் என்ன பெரிய தப்பு? கண்ணுக்கே தெரியாது. ஆனால் ஒரு தையலில் இரண்டு பக்கமும் சேர்ந்து ஒரு நூல் போகும். ஒரு வரிசையில் 17 தையல். 17 நூல் போனால் இரண்டு இஞ்ச்சும் ஒரு நூலும் காணாமல் போகும்.

"சுவர் இப்படி இருந்தா பில் பாஸ் ஆகாது," என்றார். அதோடு விட்டிருக்கலாம். மரத்தின் கோணலைக் காட்டித் தீர்க்கிற தச்சன் நூல் மாதிரி, மனக்கோணலைத் தீர்ப்பதுதான் நூல் என்று நன்னூலில் பவணந்தி முனிவர் சொல்லியிருப்பதை அவளுக்கு விளக்க ஆரம்பித்தார். பள்ளிக்கூடத்தில் படித்த ஒன்றை இத்தனை வருஷம் கழித்துப் பயன்படுத்தக் கிடைத்த சந்தர்ப்பம், விடுவாரா? நான் காபி கொடுத்து உட்கார வைத்தேன்.

புதிதாகத் தைக்கிறவர்களுக்கு உதவி என்றால் கூட உட்கார்ந்து தைப்பது என்று நினைப்பார்கள். அது இரண்டாம்பட்சம். முதல் உதவி, குறைப்பது. கல்யாணச் சமையலில் ஆள் வராத அன்றைக்குத் தலைமைச் சமையல்காரர் செய்வதைத்தான் நான் செய்தேன்: மெனுவில் கைவைத்தேன்.

முதலில் பஞ்சை எடுத்தேன். சித்திரை வெயிலில் மனுஷன் தோலே பாரமாக இருக்கிறது, பாலியெஸ்டர் பஞ்சு வைத்த போர்வையை யாருக்குப் போர்த்துவது? போதாததற்கு, ஒரு வயசு ஆகிற வரைக்கும் தூங்குகிற குழந்தை மேல் இந்த மாதிரி தளர்ந்த போர்வையே போடக்கூடாது என்றுதான் டாக்டர்கள் சொல்கிறார்கள். "இது போர்வை இல்லை, விரிப்பு. பிள்ளை மேல கிடந்து உருளட்டும்," என்றேன். பேரை மாற்றியதிலேயே பாதி பாரம் இறங்கியது.

பஞ்சுக்குப் பதில் இரண்டு பழைய வேட்டி. அவள் முகம் சுருங்கியது. "அது ஒரிஜினலா இருக்காதே பெரியம்மா?" அதுதான் ஒரிஜினல் என்று சொல்ல வேண்டியதாயிற்று. வங்காளத்தில் காந்தா தைக்கிறவர்கள் பழைய சேலைகளை அடுக்கித்தான் தைத்தார்கள். நூலையும் அந்தச் சேலைக் கரையிலிருந்தே உருவிக்கொண்டார்கள். அந்தக் காந்தாவும் நம்ம ஊர்க் கந்தையும் சொல்லளவில் உறவு. மராட்டியத்தில் அதுவே கோதடி. கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில், ஆப்பிரிக்காவிலிருந்து வந்தவர்களின் வழிவந்த சித்தி சமூகப் பெண்கள் தைப்பது கவந்தி. அதை ஓரத்தில் ஆரம்பித்துச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். கடையில் பஞ்சுச் சுருள் விற்பதற்கு முன்னாடியே பிள்ளைகள் சொகுசாகத்தான் தூங்கியிருக்கின்றன.

அடுத்து, துணிகளைப் பிரித்தோம். குவியலில் சர்வகட்சிக் கூட்டமே நடந்துகொண்டிருந்தது. காட்டன், ஜார்ஜெட், பட்டு, ஒரு ஜீன்ஸ். எல்லாம் 'நினைவு' உள்ள துணிகளாம். நினைவு இருக்கலாம், ஆனால் ஜார்ஜெட் மெஷினில் நிற்காது, ஜீன்ஸ் பக்கத்துத் துணியை வாழவிடாது. காட்டன் மட்டும் தேறியது. அதில் என் தங்கையின் சிவப்புச் சுங்குடிச் சேலையும் இருந்தது. அந்தச் சேலையில் ஒவ்வொரு புள்ளியும் சௌராஷ்டிரப் பெண்கள் கையால் போட்ட ஒரு முடிச்சு. அதைத் தண்ணீரில் நனைக்காமலே வெட்டி, வெள்ளைத் துணிக்குப் பக்கத்தில் அடுக்கியிருந்தாள். ஈரக் கைக்குட்டையால் ஒரு தேய் தேய்த்தேன். கைக்குட்டை வெற்றிலை போட்டது.

கல் உப்பில் ஊறப்போட்டால் சாயம் நிற்கும் என்று பக்கத்து வீட்டு அக்கா சொன்னார். எனக்கு ஒரு நாளும் நின்றதில்லை. தண்ணீர் தெளிகிற வரைக்கும் அலசுவதுதான் வழி. மிச்சமிருந்த சேலையை ஏழு தண்ணீர் அலசினோம். எட்டாவது தண்ணீர் தெளிந்தது. எங்கள் கழிவுநீர்த் தொட்டிதான் ரெண்டு நாளைக்கு மங்களகரமாக இருந்தது.

பிறகு 432-இல் கைவைத்தேன். தைத்து முடித்த மூன்று வரிசையை அப்படியே நடுவில் ஒரு பட்டையாக வைத்துக்கொண்டோம். மேலும் கீழும் ஆறு இஞ்ச் பெரிய சதுரங்கள், வரிசைக்கு ஆறாக, மொத்தம் 36. இவற்றை நான் தைத்தேன். என் கால் இஞ்ச், அரசாங்கக் கால் இஞ்ச். இரண்டு நூலுக்கு ஒரு இழை கூடாது, ஒரு இழை குறையாது. அவள் பட்டைதான் 34-க்கு ஒரு நூல் குறைவாயிற்றே? அதற்கேற்ப என்னுடையதைப் பக்கத்துக்கு ஒரு இஞ்ச்சும் அரை நூலும் சீவினேன். தப்பைத் திருத்த நேரமில்லாதபோது அதையே அளவாக்கிவிடுவது தையற்கடைத் தர்மம். வரிசையில் சேராமல் மிஞ்சிய ஏழு துண்டைப் பிரித்து, நாலைச் சித்திப் பெண்கள் செய்வதுபோல மடித்து நாலு மூலையிலும் வைத்தோம். மிச்சம் மூன்று, வீட்டுக்காரர் மூக்குக்கண்ணாடி உறையாயிற்று. அதற்கப்புறம் அவர் விமர்சனத்தில் ஒரு கனிவு வந்தது.

ஊடுதையல் கையால்தான். அமெரிக்காவில் சட்டத்தில் துணியைக் கட்டிச் சுற்றிலும் பெண்கள் உட்கார்ந்து பேசிக்கொண்டே தைப்பார்களாம். எங்களுக்குச் சட்டம் இல்லை, சீரியல் இருந்தது. இரவு எட்டு மணிக்குத் தெருவே எங்கள் கூடத்தில் உட்கார்ந்தது. ஓட்டுத் தையலும் கையெழுத்து மாதிரிதான். எதிர்வீட்டு டீச்சர் எறும்பு வரிசை மாதிரி போட்டார். பக்கத்து வீட்டு அக்காவின் தையல் தாவித் தாவிப் போயிற்று; சீரியலில் மருமகள் அழுத இடத்தில் மட்டும் நெருக்கமாக இருக்கும். தங்கை மகளின் தையல் மதுரை ஷேர் ஆட்டோ போல எந்தப் பக்கம் திரும்பும் என்று தெரியவில்லை. ஆனால் போய்க்கொண்டே இருந்தது.

குழந்தை விஷயம் என்பதால் ஊசிக்கு மட்டும் கணக்கு வைத்திருந்தேன். எட்டு ஊசி கொடுத்தால் எட்டும் திரும்பி வர வேண்டும். வியாழக்கிழமை இரவு ஏழுதான் வந்தது. போர்வையை அங்குலம் அங்குலமாகத் தடவினோம். பாயை உதறினோம். வீட்டுக்காரர் பழைய ஸ்பீக்கரிலிருந்து காந்தத்தைக் கழற்றிக்கொண்டு வந்து, கண்ணிவெடி தேடுகிற ராணுவம் மாதிரி தரையைத் துழாவினார். டீச்சரைச் சந்தேகித்தோம். பக்கத்து வீட்டு அக்காவை எழுந்து நிற்கச் சொல்லிச் சேலையை உதற வைத்தோம். "இன்னிக்கு வந்தவங்க எல்லாரும் நல்லா யோசிங்க," என்று நான் கொஞ்சம் கடுமையாகவே பேசினேன். மணி பதினொன்று. காந்தம் என்னைக் கடந்து போகும்போது 'டக்'கென்று என் தோளில் ஒட்டியது. 35 வருஷமாக எங்கே குத்தி வைப்பேனோ, ரவிக்கையின் அதே இடது தோளில் ஊசி இருந்தது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லாமல் இருந்ததுதான் தாங்கவில்லை.

சனிக்கிழமை காலை வைகை எக்ஸ்பிரஸ். சேலைக் கரையையே வெட்டி நாலு பக்கமும் ஓரம் கட்டியிருந்தோம். மூன்று பக்கம் முடிந்து நாலாவது பாதியில் நின்றது. ஊசி நூலோடு ரயில் ஏற்றினேன். திண்டுக்கல்லில் போன்: "ஒரு சாண் ஆயிடுச்சு பெரியம்மா." திருச்சியில் போன்: "விரல்ல குத்திக்கிட்டேன்." விருத்தாசலத்தில் போனில் வேறு குரல்: "நீங்கதான் பெரியம்மாங்களா? பொண்ணு ரொம்ப பயப்படுது, நான் முடிச்சுக் குடுத்துடறேன்." எதிர் சீட்டு அம்மா. விழுப்புரத்தில் வேலை முடிந்தது. ஊசி எண்ணிக்கை ஒன்று, திரும்ப வந்தது ஒன்று. ரெண்டு தரம் கேட்டு உறுதி செய்துகொண்டேன்.

ஞாயிற்றுக்கிழமை போட்டோ வந்தது. எல்லாரும் போர்வையைத் தொட்டுப் பார்க்கிறார்கள். அன்றைக்குச் சாயங்காலமே அந்த வீட்டுப் பாட்டி, "அழுக்காயிடும்," என்று அதைப் பாச்சை உருண்டையோடு பீரோவில் வைத்துப் பூட்டிவிட்டாராம். ஒன்பது நாள் நாங்கள் பறந்தது பீரோவுக்காக.

சில மாசம் கழித்துக் குழந்தை தவழ ஆரம்பித்ததும் விரிப்பு விடுதலையானது. வாரத்துக்கு மூன்று தரம் துவைக்கிறார்களாம். சாயம் போகவில்லை. நடுப்பட்டையில் ஒரு தையல்கூட விடவில்லை. பழைய சேலை நைந்த துணி. ஓரத்தில் இழை பிரிந்து வரும். அதற்குக் கொஞ்சம் தாராளமாக விட்டுப் பிடித்தால்தான் நிற்கும். அவள் தெரியாமல் விட்ட அந்த அரை நூல் அதைக் காப்பாற்றியிருக்கிறது.

விட்டுப் போனது வேறு இடம். அதை அவள் போனில் சொன்ன விதம்தான் இன்னும் காதில் இருக்கிறது.

"பெரியம்மா, மேல இருக்கிற பெரிய சதுரத்துல மூணு பிரிஞ்சிடுச்சாம். சரி பண்ணணும். பையில எடுத்துட்டு வர்றேன்." கொஞ்சம் நிறுத்தினாள். "உங்களுக்குத் தைக்கத் தெரியும்ல?"