கொலராடோவின் கொடைவள்ளல்கள்

கர்ணன் தன்னிடம் இருந்ததைத்தான் கொடுத்தான். 1922 நவம்பரில் அமெரிக்காவின் சாந்தா ஃபேயில் கூடி கொலராடோ ஆற்றைப் பங்கு வைத்த பெருமக்களே, நீங்கள் ஆற்றில் இல்லாததையும் அள்ளிக் கொடுத்தவர்கள்! உங்கள் முன்னால் அவன் வெறும் கணக்குப்பிள்ளை.

ஏழு மாநிலப் பிரதிநிதிகள். தலைமை ஹெர்பர்ட் ஹூவர். மேல்படுகைக்கு ஆண்டுக்கு 75 லட்சம் ஏக்கர் அடி நீர், கீழ்ப்படுகைக்கு 75 லட்சம். கீழே இருப்பவர்கள் மனம் கோணக் கூடாதென்று மேற்கொண்டு 10 லட்சம். ஆற்றங்கரையிலேயே காலங்காலமாக வாழ்ந்த பூர்வகுடிகளைக் கூப்பிட்டுச் சிரமப்படுத்தவில்லை. பங்காளிகள் குறைந்தால்தானே பாகப்பிரிவினை சுமுகமாக முடியும்!

இரு படுகைகளுக்கும் எல்லை லீஸ் ஃபெர்ரி. அங்கே நீரளவு நிலையம் வந்ததே 1921இல்தான். அதனால் என்ன? வெகுதூரம் கீழே, யூமாவில் சுமார் 20 ஆண்டுப் பதிவு இருந்ததே! பெரும்பாலும் வெள்ளம் புரண்ட ஆண்டுகள். நல்ல சகுனத்தை யாராவது சந்தேகிப்பார்களா? அதையே ஆற்றின் இயல்பு என்று ஏற்றுக்கொண்டீர்கள். லாரூ என்றொரு நீரியல் நிபுணர், ஆற்றில் அவ்வளவு தண்ணீர் இல்லை என்று எச்சரித்தார். சுபகாரியத்தில் அபசகுனமாகப் பேசுபவருக்குக் காது கொடுக்காத பண்பு எல்லோருக்கும் வாய்க்காது.

1976இல் ஸ்டாக்டன், ஜேக்கபி என்ற இரு ஆய்வாளர்கள் மர வளையங்களைப் படித்து, நெடுங்காலச் சராசரி சுமார் 1.35 கோடி ஏக்கர் அடிதான் என்றார்கள். நீங்கள் நம்பிய ஆண்டுகளோ, நானூறு ஆண்டுகளுக்கு மேற்பட்ட வரலாற்றில் மிகச் செழித்த காலமாம். என்ன கைராசி!

வறட்சியை அளப்பதற்கும் நீங்கள் காட்டியதே ராஜபாட்டை. இயல்பு நீர்வரத்தை உயர்த்தி எழுதிவிட்டால் சுமாரான ஆண்டும் பஞ்சமாகத் தெரியும். பழி வானத்தின் தலையில் விழும். கையெழுத்திட்டவர்கள் தலை தப்பும். எது மழை செய்த பற்றாக்குறை, எது பேனா செய்தது என்று பிரித்தறியப் பின்னால் வந்தவர்களுக்கு ஆயுள் முழுக்க வேலையும் கொடுத்தீர்கள்.

2000க்குப் பின் மெய்யான வறட்சியே வந்தது. 2021 ஆகஸ்டில் முதன்முறையாகக் கீழ்ப்படுகைக்கு அதிகாரபூர்வமாகப் பற்றாக்குறை அறிவித்தார்கள். அரிசோனாவில் விவசாயிகள் நிலத்தைத் தரிசாகப் போட்டார்கள். அவர்கள் கலங்க வேண்டியதில்லை. கீழ்ப்படுகையின் 75 லட்சம் ஏக்கர் அடியும் ஒரு சொட்டுக் குறையாமல் உங்கள் ஒப்பந்தத்தில் இருக்கிறது. மடை திறந்துவிடத்தான் ஆளில்லை.