ரூட்டரியல்: பாயிரமும் பேருரையும்

பாயிரம்

பாயிரம் இல்லாதது நூலே அன்று என்று பழைய ஆசிரியர்கள் கறாராகச் சொல்லிவிட்டார்கள். ஆகவே, மரவேலை ரூட்டர் என்னும் கையடக்க இயந்திரத்தைப் பற்றிய இந்த நூலுக்கும் ஒன்று எழுத வேண்டியிருக்கிறது. நன்னூல் கேட்கும் எட்டையும் சொல்லிவிடுவோம். ஆக்கியோன் பெயரை யாரும் கேட்கவில்லை. வழி, ஆசாரிகளின் வாய்மொழி. எல்லை, வடக்கே பிளக் பாயின்ட், தெற்கே வயர் எட்டும் தூரம், மற்ற இரண்டு பக்கமும் கிளாம்ப். நூற்பெயர் மேலே இருக்கிறது. யாப்பு, வெட்டும் பிட்டைக் கவ்விப் பிடிக்கும் காலெட்டும் நட்டும். நுதலிய பொருள், முதன்முதலாக ரூட்டரைக் கையில் எடுக்கிறவர் செய்ய வேண்டியவையும் செய்துவிடுபவையும். கேட்போர், காதில் அடைப்பான் வைத்திருப்பவர்கள், ஆதலால் கேளார். பயன், ஒரு பலகையின் விளிம்பு.

முதல்நூல், வழிநூல், சார்புநூல் என்னும் மூவகையும் இந்த இயந்திரத்துக்கு உண்டு. முதல் உலகப் போர்க் காலத்தில் நியூயார்க் மாநிலத்தின் சிராக்யூஸ் நகரில், வார்ப்படத்துக்கு மரமாதிரி செய்துகொண்டிருந்த ஆர். எல். கார்ட்டர் என்பவர், முடிவெட்டும் மின்கருவி ஒன்றின் பாகத்தை எடுத்து மோட்டாரில் மாட்டி மரத்தின் விளிம்பைச் செதுக்கினார் என்று சொல்வார்கள். அது முதல்நூல். 1929இல் ஸ்டான்லி நிறுவனம் அந்தத் தொழிலை வாங்கிக்கொண்டது வழிநூல். நம் ஊர்ப் பட்டறையில் ப்ளைவுட்டில் ஒட்டிய மைக்காவின் ஓரத்தைச் சீவிக்கொண்டிருக்கும் டிரிம்மர் சார்புநூல். மரவேலை கற்க வருகிறவரில் பெரும்பாலானோர் சார்புநூலில் தொடங்குகிறார்கள். அதில் குறைவொன்றும் இல்லை, விலையும் குறைவு.

உடம்பு இயல்

ரூட்டர் மூவகைப்படும்: ஒருகையால் பிடிப்பது, இருகையால் பிடிப்பது, இருகையால் பிடித்து அமுக்குவது.

ஒருகை வகையே டிரிம்மர். மக்கிட்டா 3709ஐ எடுத்துக்கொண்டால் 530 வாட், நிமிடத்துக்கு 30,000 சுற்று, எடை சுமார் ஒன்றரைக் கிலோ. இருகை வகையில் அடித்தட்டு ஓர் ஆழத்தில் பூட்டப்பட்டிருக்கும். மூன்றாம் வகை பிளஞ்ச் ரூட்டர். இரண்டு தண்டுகளின் மேல் மோட்டார் ஏறி இறங்கும், ஆகையால் பலகையின் நடுவிலேயே பிட்டை இறக்கிக் காடி எடுக்கலாம். போஷ் ஜி.ஓ.எஃப். 130 இந்த வகை: 1300 வாட், சுற்று 11,000 முதல் 28,000 வரை மாற்றிக்கொள்ளலாம்.

இந்தச் சுற்று மாற்றும் சக்கரத்தைத் தொடக்கக்காரர்கள் அலங்காரம் என்று நினைப்பதால் கொஞ்சம் உரை தேவைப்படுகிறது. 12 மி.மீ. பிட் 30,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பு மணிக்குச் சுமார் 68 கி.மீ. வேகத்தில் போகிறது. அதே சுற்றில் 50 மி.மீ. பிட்டை மாட்டினால் விளிம்பின் வேகம் மணிக்கு 280 கி.மீ.யைத் தாண்டும். பிட் பெருத்தால் சுற்று குறைய வேண்டும் என்பது விதி. குறைக்கும் சக்கரமே இல்லாத டிரிம்மரில் 25 மி.மீ.க்கு மேற்பட்ட பிட்டை மாட்டாதிருப்பது உயிருக்கும் விரலுக்கும் நல்லது.

பிட் இயல்

பிட்டுகள் எண்ணிறந்தன. அவற்றை எண்ணி 15 ஆக்கி, மரப்பெட்டியில் அடுக்கி விற்பவர்கள் இருக்கிறார்கள். அந்தப் பெட்டி வாங்கியவர் வீட்டில் ஆராய்ந்து பார்த்தால் பிட்டுகள் இரண்டே வகை: தேய்ந்தவை, தொடாதவை. தேய்ந்தவை பெரும்பாலும் மூன்று. நேர்பிட், விளிம்பை உருட்டும் ரவுண்ட் ஓவர், மைக்கா சீவும் பேரிங் பிட். மற்றவை பார்வைக்கு.

முதல் வழுக்கல் கடையிலேயே நடந்துவிடுகிறது. பிட்டின் தண்டு 6 மி.மீ. என்றும் கால் அங்குலம் என்றும் இரண்டாக வருகிறது. கால் அங்குலம் என்பது 6.35 மி.மீ. ‘ரெண்டும் ஒண்ணுதான் சார், போடுங்க’ என்று கல்லாவில் இருப்பவர் சொல்லக்கூடும். கால் அங்குலத் தண்டு 6 மி.மீ. காலெட்டுக்குள் போகாது, அது கோபத்தோடு முடியும். 6 மி.மீ. தண்டோ கால் அங்குலக் காலெட்டுக்குள் சுகமாகப் போய் உட்காரும், முறுக்கினால் பிடித்தது போலவும் இருக்கும். ஓட்டும்போது மெல்லக் கீழே இறங்கும். 3 மி.மீ. காடி பலகையின் மறுமுனையில் 7 மி.மீ. ஆகியிருக்கும். பிட் முழுதாகக் கழன்று பறந்தால் அளக்க நேரம் இருக்காது.

சரியான தண்டையும் அடிவரை தள்ளி முறுக்கக்கூடாது. முழுதும் உள்ளே விட்டு, இரண்டு மூன்று மி.மீ. வெளியே இழுத்துப் பிறகு பூட்ட வேண்டும். என்னை? நட்டை முறுக்கும்போது காலெட் பிட்டையும் சேர்த்துச் சற்று உள்ளே இழுக்கும். அடியில் முட்டிக்கொண்டிருந்தால் பூட்டு இறுகாது. பிட் இல்லாத வெறும் காலெட்டை முறுக்கி வைப்பதும் ஆகாது. இவையெல்லாம் பிளக்கைப் பிடுங்கிய பின் செய்ய வேண்டியவை என்பதை எந்த உரையாசிரியரும் விட்டதில்லை, நானும் விடவில்லை.

பற்று இயல்

இந்த நூலின் நடுவூர் இது. மற்ற இயல்களைத் தள்ளினாலும் இதைத் தள்ளக்கூடாது. நூற்பா நானே கட்டியது:

சுழல்வது பிட்டே; நேரறி யாதே;
பற்றிய ஒன்றே பாதை தருமே.

உரை: இழைப்புளிக்கு நீண்ட அடி உண்டு, அதுவே ஓரளவு நேர் அறியும். ரம்பம் தான் அறுத்த வழியிலேயே அடுத்த அடியை வைக்கும். ரூட்டருக்கோ நேரும் தெரியாது, வளைவும் தெரியாது, நிற்கவும் தெரியாது. கை நினைத்ததை அது செய்யும் என்று நம்புவதுதான் தொடக்கக்காரரின் தலையாய பிழை. ஆதலால், எதைப் பற்றிக்கொண்டு ஓடுகிறது என்பதை வைத்தே ரூட்டர் வேலையைப் பகுக்க வேண்டும். வாட்டை வைத்தும் விலையை வைத்தும் பகுப்பவர்கள் பட்டியல் போடுகிறவர்கள், இலக்கணம் செய்கிறவர்கள் அல்லர்.

பேரிங்கைப் பற்றுவது முதல் வகை. பிட்டின் நுனியில் ஒரு சின்னப் பேரிங் இருக்கும். அது பலகையின் ஓரத்தைத் தொட்டு உருள, அதற்கு மேலுள்ள வெட்டுவாய் விளிம்பை உருட்டும். பேரிங் ஓடும் ஓரத்தில் பள்ளம் இருந்தால் பள்ளத்தையும் பக்தியோடு நகல் எடுக்கும். உப்புத்தாள் போடாமல் விட்ட குறைகளெல்லாம் இங்கே உருண்டையாக வெளிப்படும்.

வேலியைப் பற்றுவது இரண்டாவது. இயந்திரத்தோடு வரும் எட்ஜ் கைடையோ, பலகையின் மேல் கிளாம்ப் போட்டு இறுக்கிய நேரான கட்டையையோ ஒட்டிப் போவது. அலமாரிப் பலகைக்குக் காடி எடுக்க இதைவிட எளிய வழி இல்லை. கட்டை நேராக இருக்கிறதா என்று பார்க்காமல் இறுக்குபவர்களே இதில் அதிகம்.

மூன்றாவது, அச்சைப் பற்றுவது. இதைச் சற்று நின்று பார்க்கலாம். கதவில் கீலுக்குக் காடி எடுக்க வேண்டும். கீல் 100 மி.மீ.க்கு 25 மி.மீ. என்று கொள்வோம். ரூட்டரின் அடித்தட்டில் கைடு புஷ் என்னும் குழாய் மாட்டப்படுகிறது, வெளிவிட்டம் 16 மி.மீ. அதற்குள் ஓடும் பிட் 10 மி.மீ. புஷ்ஷின் சுவருக்கும் பிட்டின் விளிம்புக்கும் இடையே ஒவ்வொரு பக்கமும் 3 மி.மீ. விலகல். அச்சைத் தொடுவது புஷ், வெட்டுவது பிட். ஆகவே ப்ளைவுட்டில் வெட்டும் அச்சின் வாய் 106க்கு 31 ஆக இருக்க வேண்டும். இந்தக் கூட்டலை மறந்து 100க்கு 25 என்றே அச்சு வெட்டியவர் 94க்கு 19 காடி பெறுவார். அது எந்தக் கீலுக்கும் பொருந்தாது, ஆனால் விளிம்பு மிக நேராக இருக்கும். சரியாக வெட்டினாலும் காடியின் உள்மூலைகள் 5 மி.மீ. ஆரத்தில் வளைந்தே இருக்கும். உருண்டையான ஒன்று சதுர மூலையை வெட்டாது. ஆக, 1300 வாட் மோட்டாரை அணைத்துவிட்டு உளியையும் கொட்டாப்புளியையும் தேடி எடுக்க வேண்டும். ஆசாரிகள் உளியைத் தூக்கிப் போடாததற்கு இது ஒரு காரணம்.

நான்காவது, எதையும் பற்றாதது. வெறுங்கையால் பெயர்ப்பலகையில் எழுத்து வெட்டுவது இதில் அடங்கும். பெரியோர் செய்வர். புதியவர் வெட்டினால் ‘ழ’ எல்லாம் ‘மு’ ஆகும் அபாயம் உண்டு. மென்மரத்தில் பிட் ரேகையின் போக்கில் இழுத்துக்கொண்டு போய்விடும். இந்த வகையை விலக்கவில்லை. நான்காவதாக வைத்திருக்கிறேன், அவ்வளவுதான்.

திசை இயல்

மேலிருந்து பார்த்தால் பிட் கடிகாரச் சுற்றில் சுழல்கிறது. இது ஒன்றிலிருந்து எல்லாம் வருகிறது. பலகையின் வெளி ஓரத்தைச் சுற்றிப் போகும்போது கடிகாரத்துக்கு எதிராகப் போக வேண்டும். ஒரு சட்டத்தின் உள் ஓரத்தில் போகும்போது கடிகாரம் போலவே. கோயில் பழக்கத்தில் சொன்னால், வெளியே இடம் வர வேண்டும், உள்ளே வலம் வர வேண்டும். பிரதட்சிணத்தில் ஊறிய கால் இங்கே தடுமாறும். ராகு கேதுவுக்கு இடம் வருகிறவர்கள் மட்டும் தயாராக வருகிறார்கள். நினைவில் வைக்க எளிய வாய்பாடு: போகிற திசையைப் பார்த்து நின்றால் வெட்டப்படும் மரம் உங்கள் இடக்கைப் பக்கம் இருக்க வேண்டும். உள்ளுக்கும் வெளிக்கும் இது ஒன்றே போதும்.

அற்றேல், மாறிப் போனால் என்ன ஆகும்? சரியான திசையில் மரம் பிட்டைப் பின்னோக்கித் தள்ளும். நீங்கள் முன்னோக்கித் தள்ளுவீர்கள். இருவருக்கும் நடுவே வெட்டு ஒழுங்காக நடக்கும். மாறிய திசையில் பல் மரத்தைக் கவ்வி, சக்கரம் போல உருண்டு, இயந்திரத்தையே முன்னால் இழுத்துக்கொண்டு ஓடும். ஒரு பட்டறையில் கேட்டது:

“ஆசாரி, மெஷின் கைய மீறிப் போகுது. என்னன்னு பாருங்க.”

“மெஷினுக்கு ஒண்ணுமில்ல தம்பி. நீங்க அந்தாண்டை நின்னு இழுக்கிறீங்க. இந்தாண்டை வந்து தள்ளுங்க.”

“எப்படி நின்னா என்ன? மரம் அதே மரம்தானே?”

“மரம் அதேதான். அதுக்கு எந்தப் பக்கமிருந்து பல்லு வருதுன்னு தெரியும்.”

ரேகை முறுக்கிய மரத்தில் சில்லு பெயராமலிருக்கத் தேர்ந்தவர்கள் வேண்டுமென்றே மாறிய திசையில், மிக மெல்லிய வெட்டாக ஓட்டுவதும் உண்டு. அது விகாரம்; விதி தெரிந்தவர்க்கே விகாரம் உரியது.

நான்கு பக்கமும் ஓட்ட வேண்டிய பலகையில் எதை முதலில் எடுப்பது என்பதும் இங்கேயே சொல்லத் தகும். ரேகைக்குக் குறுக்கான முனைகளை முதலில். அந்த வெட்டு முடியும் மூலையில் மரம் சிராயாகப் பெயர்ந்துவிடும். பிறகு நீளப் பக்கத்தை ஓட்டும்போது அந்தப் பெயர்ந்த இடமும் சேர்ந்து போய்விடும். வரிசையை மாற்றியவர்கள் மூலைக்கு மெழுகும் மரத்தூளும் குழைத்துப் பூசி, டிசைன் என்பார்கள்.

ஓசை இயல்

இது எழுத்ததிகாரம் போன்றது, சுருக்கமாகப் போதும். தடையில்லாத சீரான ரீங்காரம் நெடில், அப்படியே போகலாம். ஓசை இறங்கிக் கனத்தால் ஆழம் அதிகம், மூன்று மி.மீ.க்கு மேல் ஒரே வெட்டில் எடுக்காமல் படிப்படியாக இறக்க வேண்டும். கடகடவென்று அதிர்ந்தால் பிட் தளர்ந்திருக்கிறது, அல்லது பலகை ஆடுகிறது. ஓசை நன்றாக இருந்தும் விளிம்பு கறுத்தால் காரணம் மூன்று: கை மெத்தனம், பிட் மழுக்கம், மூலையில் நின்று யோசித்தல். மூன்றாவதே மிகுதி. ரூட்டர் ஓடிக்கொண்டிருக்கும்போது யோசிக்கக்கூடாது. அணைத்துவிட்டு, பிட் முழுதும் நின்ற பிறகு, எவ்வளவு வேண்டுமானாலும் யோசிக்கலாம். மூக்கில் முகமூடி வேண்டும். மரத்தூளைப் புற்றுநோய்க்குக் காரணம் என உறுதிப்பட்ட பொருள்களின் வரிசையில் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை வைத்திருக்கிறது. கண்ணாடியும் வேண்டும். தோளில் துண்டு வேண்டாம், தளர்ந்த சட்டைக் கையும் வேண்டாம்.

புறனடை

இங்கே சொல்லாதவற்றையும் சொன்னவற்றின் வழியே கொள்க என்று முடிப்பது மரபு. இந்த நூலில் அப்படிக் கொள்ளக்கூடாத இடம் ஒன்று உண்டு. சிலர் ரூட்டரைக் கையில் பிடிக்காமல், ஒரு மேசைக்கு அடியில் தலைகீழாக மாட்டி, பிட் மட்டும் மேலே எட்டிப் பார்க்கும்படி வைத்து, மரத்தைத் தள்ளுகிறார்கள். அங்கே மேலிருந்து பார்த்தால் பிட் எதிர்ச்சுற்றில் சுழலும். நகர்வது இயந்திரமன்று, மரம். வலப்புறமிருந்து இடப்புறம் தள்ள வேண்டும். திசை இயலை மனப்பாடம் செய்துவிட்டு நேரே மேசைக்குப் போகிறவர்கள், முதலில் ஒரு சல்லிக் கட்டையைத் தள்ளிப் பார்த்துக்கொள்ளவும்.